மச்சத்தை யார் பார்க்கிறார்கள்?

நீங்கள் கேட்டது இரண்டே வரி. இன்றைய நாவல்களில் மறுபிறவியைக் காட்ட என்னென்ன குறியீடுகள் வருகின்றன என்பது முதல் வரி. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கதையில், இறந்துபோன அக்காவின் நெற்றித் தழும்பு பல வருடம் கழித்துத் தம்பி மகளின் நெற்றியில் பிறவியிலேயே இருக்கிறது. அது போதுமா, வண்ணத்துப்பூச்சி, பீனிக்ஸ் மாதிரி ஏதாவது சேர்க்கவேண்டுமா என்பது இரண்டாவது. பட்டியல் கேட்பதுபோல் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். ஒரு பொருளோ உடல்குறியோ எப்போது மறுபிறவியின் அடையாளமாக உயிர்பெறுகிறது, எப்போது வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக ஒப்பிலக்கியம் சொல்லித்தருகிறேன்; மாணவர்கள் எழுதும் கதைகளையும் வரிவரியாகப் படித்துத் திருத்தித் தந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். ஜப்பானிய, சீன நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்தவன் என்பதால் அவற்றின் கதையமைப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன், மூலமொழியின் சொல்நயத்தைத் தொடவில்லை.

முதலில் பீனிக்ஸை விட்டுவிடுங்கள். சாம்பலிலிருந்து எழுவது அதே பறவை, அதே பெயர், அதே சிறகு. அது உயிர்த்தெழுதல். மறுபிறவியில் உடல் மாறுகிறது, பெயர் மாறுகிறது, பெரும்பாலும் நினைவும் போய்விடுகிறது. அவ்வளவும் போனபிறகு மிஞ்சுவது என்ன என்பதே கதை. இன்னொரு குழப்பமும் உண்டு. கேட் அட்கின்சனின் 'லைஃப் ஆஃப்டர் லைஃப்' (2013) நாவலைப் பலர் மறுபிறவிக் கதை என்று குறிப்பிடுகிறார்கள். அதில் உர்சுலா என்ற பெண் 1910 பிப்ரவரி 11 அன்று பனி கொட்டும் இரவில் பிறக்கிறாள். இறந்ததும் அதே இரவில் அதே தாய்க்கு மறுபடியும் பிறக்கிறாள். பனி என்ற சொல் வந்தாலே வாசகருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் அளவுக்கு அந்தக் குறியீடு வேலை செய்கிறது. ஆனாலும் அது ஒரே வாழ்க்கையைத் திரும்பத் திரும்ப வாழ்வது. கொரிய இணைய நாவல்களின் வாசகர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள்: தன் கடந்தகாலத்துக்கே திரும்புவதற்கு ஒரு சொல், இன்னொருவர் உடலுக்குள் புகுவதற்கு ஒரு சொல், புதிதாகப் பிறப்பதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ளதற்கு நம்மிடம் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்ற அழகான சொல் முன்பே இருக்கிறது. உங்கள் கதை மூன்றாவது வகை. ஆகவே மற்ற இரண்டு வகைகளின் குறியீடுகளைக் கடன் வாங்காதீர்கள்.

இனி உடல்குறிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கதை அங்கேதான் நிற்கிறது. நவீன நாவலில் இதற்கு மிக ஆழமான உதாரணமாக நான் நினைப்பது யுகியோ மிஷிமாவின் நான்கு நாவல் தொகுதியான 'வளமைக் கடல்'. 1970 நவம்பரில் அவர் இறந்தார். அதற்குள் நான்கையும் எழுதி முடித்திருந்தார். கியோஆகி என்ற இளைஞனின் உடலில் இடப்பக்கம் மூன்று மச்சங்கள். இளம்வயதிலேயே சாகப்போகும் அவன், அருவிக்கு அடியில் மறுபடி சந்திப்போம் என்று நண்பன் ஹோண்டாவிடம் சொல்லிவிட்டுப் போகிறான். பல வருடம் கழித்து, நீதிபதியாகிவிட்ட ஹோண்டா, அருவியில் குளிக்கும் வேறொரு இளைஞனின் உடலில் அதே மூன்று மச்சங்களைப் பார்க்கிறார். அடுத்து ஒரு தாய்லாந்து இளவரசி, கடைசியில் ஓர் அநாதைப் பையன். கவனித்தீர்களா, மச்சம் உள்ள யாருக்கும் அதன் பொருள் முழுதாகத் தெரியாது. குழந்தையாக இருக்கும்போது முற்பிறவியைப் பற்றிப் பேசிய இளவரசியும் வளர்ந்ததும் மறந்துவிடுகிறாள். பார்ப்பது ஹோண்டா ஒருவர்தான். நான்கு நாவலிலும் தொடர்ந்து வாழ்கிறவரும், கிழவராகிறவரும், நம்பிக்கையால் பாழாகிறவரும் அவர்தான்.

இதைத்தான் முதன்மையாகச் சொல்ல வந்தேன். மறுபிறவிக் கதையில் குறி இருப்பது பிறந்தவருக்காக அல்ல, பார்ப்பவருக்காக. மச்சம் உள்ளவருக்கு அது வெறும் தோல். அதைப் பார்க்கும் கண்ணில்தான் இரண்டு வாழ்க்கைகள் ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கண் பொய் சொல்லக்கூடும், ஏங்கக்கூடும், தவறாகவும் படிக்கக்கூடும். கடைசி நாவலின் பையனுக்கும் மச்சங்கள் உண்டு. ஆனால் முன்னவர்கள் இறந்த வயதில் அவன் சாகவில்லை, பார்வையிழந்து உயிர்பிழைக்கிறான். அப்படியானால் அவன் உண்மையானவனா, போலியா? ஹோண்டாவுக்குத் தெரியவில்லை. முடிவில், கியோஆகி உயிரைக் கொடுத்துக் காதலித்த பெண், இப்போது மூப்படைந்த துறவி, அப்படி ஒருவரை நான் அறிந்ததே இல்லை என்கிறாள். நான்கு நாவலாகச் சேர்த்துவைத்த குறிகள் அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்தில் ஆடிப்போகின்றன. இந்த இடத்தை வகுப்பில் வாசிக்கும் ஒவ்வொரு முறையும் சற்று நேரம் யாரும் பேசுவதில்லை. நானும்தான்.

இதை மணிமேகலையோடு வைத்துப் பாருங்கள். ஆபுத்திரன் மணிபல்லவத் தீவில் உண்ணாமல் உயிர்விட்டு, சாவக நாட்டில் புண்ணியராசனாகப் பிறக்கிறான். பிறகு அதே தீவுக்கு வந்து, மணலைத் தோண்டித் தன் பழைய உடலின் எலும்புகளைத் தானே பார்க்கிறான். உலக இலக்கியத்தில் இதற்கு இணையான காட்சியை நான் அதிகம் கண்டதில்லை. அங்கே குறி உறுதியானது. காப்பியம் தன் சமயத்தை முழுமனதாக நம்புகிறது. மிஷிமாவும் பௌத்தத்தையே எடுத்துக்கொள்கிறார், ஆனால் உறுதியைக் கழற்றிவிடுகிறார். இன்றைய நாவல்களுக்கும் பழைய காப்பியத்துக்கும் நான் காணும் பெரிய வேறுபாடு இதுதான். எலும்பு சாட்சி சொல்கிறது. மச்சம் சந்தேகத்தைத் தருகிறது.

டேவிட் மிட்செலின் 'கிளவுட் அட்லஸ்' (2004) அந்தச் சந்தேகத்தை வேறு வழியில் கையாள்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துவைத்த ஆறு கதைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடற்பயணத்திலிருந்து தொலைதூர எதிர்காலம்வரை. பல காலங்களில் வாழும் மனிதர்களின் உடலில் வால்நட்சத்திர வடிவத்தில் ஒரு பிறவிக்குறி. இந்தக் குறி உள்ளவர்கள் ஒரே ஆன்மாவின் பிறவிகள் என்று மிட்செலே ஒரு வானொலிப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆனால் நாவலுக்குள் நடப்பது அவ்வளவு நேரானதல்ல. லூயிசா ரே என்ற பத்திரிகையாளருக்கு அந்தக் குறி இருக்கிறது. அடுத்த கதையில் பார்த்தால், லூயிசாவின் கதையே ஒரு பதிப்பாளர் படிக்கும் கையெழுத்துப்பிரதி. அவரோ, இந்த மறுபிறவிச் சங்கதியை வெட்டிவிடவேண்டும் என்று குறித்துவைக்கிறார். அதாவது குறியைப் பார்ப்பவர் அதை நம்பவில்லை. நம்புவதா வேண்டாமா என்ற பொறுப்பு வாசகர் தலையில் விழுகிறது. ஆறு காலங்களையும் நினைவில் வைத்திருப்பவர் வாசகர் மட்டுமே. பாத்திரங்கள் தொலைத்த முற்பிறவி நினைவு நம்மிடம் வந்து சேர்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. எதிர்காலக் கதையொன்றில் வரும் சோன்மி தொழிற்கூடத்தில் உருவாக்கப்பட்டவள், தாய் வயிற்றில் பிறக்காதவள். அவளுக்கும் அந்தப் பிறவிக்குறி இருக்கிறது. பிறக்காதவளுக்கு எப்படிப் பிறவிக்குறி என்ற கேள்வியிலேயே அவளுக்கும் உயிர் உண்டு என்ற வாதம் அடங்கிவிடுகிறது. 2012இல் வந்த திரைப்படம் ஒரே நடிகர்களைப் பல வேடங்களில் நடிக்கவைத்து இதையெல்லாம் வெளிப்படையாக்கியது. எனக்கு அது ஓர் இழப்பாகவே பட்டது. முகமே ஒன்றாகிவிட்டால் தேடுவதற்கு என்ன இருக்கிறது?

ஆப்பிரிக்க நாவல்களில் குறி தலைகீழாகிறது. உங்கள் தழும்புக்கு இது நேரடியாக உதவும். சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' (1958) சற்றுப் பழையது, ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். நைஜீரியாவின் இக்போ மக்களின் நம்பிக்கையில் ஓக்பஞ்சே என்பது பிறந்து, இறந்து, மறுபடி அதே தாயின் வயிற்றுக்குள் வந்து அவளை வாட்டும் குழந்தை. எக்வெஃபி வரிசையாகப் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறாள். இறந்த குழந்தையின் உடலை மருத்துவர் கத்தியால் கீறிச் சிதைக்கிறார். திரும்பி வந்தால் அந்த வடுவோடு வரும், அடையாளம் தெரிந்துவிடும் என்பது கணக்கு. இங்கே குறி வானத்திலிருந்து வருவதில்லை. உயிரோடு இருப்பவர்கள், துக்கத்தின் உச்சத்தில், தங்கள் கையாலேயே போடும் குறி அது. அதே நாட்டின் யோருபா மக்களிடம் இதன் பெயர் 'அபிக்கு'. பென் ஓக்ரியின் 'தி ஃபேமிஷ்ட் ரோட்' (1991) அந்தக் குழந்தையின் வாயாலேயே பேசுகிறது. ஆவி உலகத் தோழர்கள் திரும்பி வா என்று அழைத்துக்கொண்டே இருக்க, அவன் இங்கேயே தங்கத் தீர்மானிக்கிறான். அயோபாமி அடேபாயோவின் 'ஸ்டே வித் மீ' (2017) இதே நம்பிக்கையை, பரம்பரையாக வரும் இரத்த நோயான அரிவாள்செல் நோயோடு பக்கத்தில் வைக்கிறது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறப்பதற்கு மருத்துவக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசிக் குழந்தைக்கு வைத்த பெயரின் பொருள் 'என்னோடு இரு'. அங்கே பெயர்தான் குறி. அறிவியல் விளக்கம் வந்தபிறகும் அது வலுவிழக்கவில்லை, ஏனென்றால் அது விளக்கமே அல்ல, ஒரு தாயின் வேண்டுதல்.

டோனி மாரிசனின் 'பிலவட்' (1987) பற்றியும் கேட்பீர்கள். தண்ணீரிலிருந்து முழு உடையோடு எழுந்துவரும் இளம்பெண், அடங்காத தாகம், தாடைக்குக் கீழே ஒரு தழும்பு. தாய் தன் கையால் கொன்ற குழந்தைதானா? பேயா, மறுபிறவியா, வேறெங்கோ அடைபட்டிருந்து தப்பிவந்த ஒருத்தியா? மூன்று வாசிப்புக்கும் நாவலில் ஆதாரம் உண்டு. இதை மறுபிறவிக் கதை என்று உறுதியாக வகைப்படுத்துபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தான் பிள்ளைகளுக்காக இட்டுக்கட்டிய பாட்டை அவள் முணுமுணுக்கக் கேட்டதும் தாய் முடிவுக்கு வருகிறாள், நாவல் வரவில்லை. இந்த இடைவெளிதான் அதன் வலி.

உடல்குறி என்றதும் ஆராய்ச்சி ஆதாரம் உண்டே என்று பலர் சொல்வதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன், முற்பிறவி நினைவிருப்பதாகச் சொல்லும் குழந்தைகளின் விவரங்களைப் பல பத்தாண்டுகள் சேகரித்தார். முற்பிறவியின் மரணக் காயமும் இப்பிறவியின் பிறவிக்குறியும் பொருந்துவதாகச் சொல்லப்பட்ட 200க்கும் மேற்பட்ட நேர்வுகளை 1997இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அவர் சேகரித்தார் என்பது உறுதி. அவை மறுபிறவியை நிறுவுகின்றன என்பதை அறிவியல் உலகம் பொதுவாக ஏற்கவில்லை. குடும்பத்தாரின் நினைவு பின்னால் திருத்தப்பட்டிருக்கலாம், பொருத்தம் தேடும் கண்ணே பொருத்தத்தை உண்டாக்கியிருக்கலாம் என்பவை முக்கியமான மறுப்புகள். புனைகதை எழுதுபவருக்கு இந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. பொருத்தம் தேடும் கண் என்ற அந்த மறுப்பையே கதைக்குள் கொண்டுவந்தால் கதை வளரும்.

மறதியும் ஒரு குறியீடுதான், பலர் இதைக் கவனிப்பதில்லை. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் முடிவில், மறுபடி பிறக்கப்போகும் ஆன்மாக்கள் மறதி ஆற்றின் நீரைக் குடிக்கின்றன. சீனத் தொன்மத்தில் மெங் போ என்ற கிழவி தரும் கஷாயம். மோ யான் 2006இல் எழுதிய நாவலில், 'வாழ்வும் சாவும் என்னைக் களைக்கச் செய்கின்றன' என்று அதன் பெயரைச் சொல்லலாம், சுட்டுக்கொல்லப்பட்ட நிலக்கிழார் ஷிமென் நாவ் அந்தக் கஷாயத்தைக் குடிக்க மறுக்கிறான். எனக்கு நடந்த அநியாயத்தை மறக்கமாட்டேன் என்கிறான். விளைவு, கழுதை, எருது, பன்றி, நாய், குரங்கு என்று பிறவி தொடர்கிறது; கடைசியில் பெரிய தலையுடைய ஒரு குழந்தை. இந்த விலங்குகள் வெறும் தண்டனை இல்லை. 1950 முதல் அரை நூற்றாண்டுச் சீன வரலாற்றை ஒவ்வொரு விலங்கும் தன் முதுகில் சுமக்கிறது. கூட்டுப்பண்ணையில் சேர மறுத்த ஒற்றை விவசாயியின் எருதாகப் பிறந்தவன், அடித்தும் தீயால் சுட்டும் வதைத்தபோதும் கூட்டு நிலத்தை உழாமல், தன் எசமானனின் நிலத்துக்கு நடந்துபோய் விழுகிறான். பிறவிக்குப் பிறவி பழைய வன்மம் கரைகிறது; நினைவு மங்குவதே விடுதலையாகிறது. அந்த நாவலிலும் ஒரு பிறவிக்குறி உண்டு. விவசாயியின் முகத்தில் இருக்கும் நீலக்குறி மகனுக்கும் வருகிறது. அது மறுபிறவி அல்ல, பரம்பரை. ஒரே நாவலில் உடல்குறி வம்சத்தையும், நினைவு மறுபிறவியையும் சுமப்பது எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. உங்கள் கதையில் அத்தையின் தழும்பு மருமகளுக்கு வருவதால் இந்த வேறுபாட்டை நீங்கள் யோசித்தே ஆகவேண்டும்.

ஜப்பானிய இணையக் கதைகளில் மறதியே இல்லை. 2012இல் தொடங்கிய 'முஷோகு டென்செய்' கதையில், தோல்வியுற்ற ஒருவன் லாரியில் அடிபட்டு இறந்து வேறோர் உலகில் குழந்தையாகப் பிறக்கிறான், பழைய நினைவு முழுதோடு. அந்த வகைக் கதைகளில் லாரி என்பது இப்போது ஒரு வாசற்கதவு. அது வந்தாலே என்ன நடக்கும் என்று வாசகருக்குத் தெரியும். நினைவு அங்கே சுமையல்ல, மூலதனம். இதைத் தாழ்வாகச் சொல்லவில்லை, இரண்டாவது வாய்ப்புக்கான ஏக்கம் உண்மையானது. 2012இல் வந்த 'நான் ஈ' படத்தில் கொல்லப்பட்டவன் ஈயாகப் பிறந்து எல்லாம் நினைவுக்கு வந்து பழிவாங்குவதும் இந்தப் பக்கம்தான். நினைவிருந்தால் கதை செயலை நோக்கி ஓடும். நினைவில்லாவிட்டால் அறிதலை நோக்கி மெல்ல நகரும். உங்களுடையது இரண்டாவது.

பெயரை வைத்தும் செய்யலாம். கிம் ஸ்டான்லி ராபின்சன் 2002இல் எழுதிய 'தி இயர்ஸ் ஆஃப் ரைஸ் அண்ட் சால்ட்' நாவலில், நூற்றாண்டுகளாகப் பிறந்துவரும் ஒரே கூட்டத்தினரின் பெயர்கள் பிறவிதோறும் அதே முதலெழுத்தில் தொடங்குகின்றன. பிறவிகளுக்கு நடுவே பார்டோ என்னும் இடைநிலையில் சந்திக்கும்போது மட்டும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். நுட்பமான வழி, சத்தமே இல்லாதது. ஆனால் பார்டோ என்ற சொல் வந்த இடமெல்லாம் மறுபிறவிக் கதை என்று எண்ணவேண்டாம். ஜார்ஜ் சாண்டர்சின் 'லிங்கன் இன் தி பார்டோ' (2017) அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டு, போகமுடியாமல் தங்கிவிட்டவர்களைத்தான் பேசுகிறது.

இனி சந்தேகத்துக்குரியவை. வண்ணத்துப்பூச்சி வந்தால் மறுபிறவி என்று கொள்ளலாமா? என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது. கிரேக்கத்தில் சைக்கி என்ற சொல்லே ஆன்மாவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பொது. ஆனால் பெரும்பாலான இன்றைய கதைகளில் அது இறந்தவர் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவதாகத்தான் வருகிறது, பிறப்பதாக அல்ல. கூட்டுப்புழுவின் உருமாற்றமும் ஒரே உயிரின் வளர்ச்சிதான். ஆனாலும் ஒரு தகவல் என்னை யோசிக்கவைத்தது: புழுவாக இருந்தபோது ஒரு வாசனையை வெறுக்கக் கற்ற அந்துப்பூச்சிகள், சிறகு முளைத்தபிறகும் அதே வாசனையை வெறுத்ததை 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. உடல் கலைந்து மறுபடி கட்டப்பட்டபின்னும் ஒரு கற்றல் தங்கிவிடுகிறது. இந்தப் பக்கத்தை யாராவது எழுதினால் தேய்ந்துபோன அந்தக் குறியீடு மறுபடி எழும்.

பறவையும் அப்படித்தான். "குடம்பை தனித்துஒழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு" என்ற குறளில் குடம்பைக்குக் கூடு என்று பொருள்கொள்வாரும் உண்டு. பரிமேலழகர் ஒப்பவில்லை. கூடு பறவையோடு கூடவே தோன்றுவதில்லை, பறவை அதற்குள் திரும்பவும் நுழையும். உயிர் விட்ட உடலுக்குத் திரும்பாது, ஆகவே முட்டைதான் என்கிறார். குறியீட்டை எவ்வளவு துல்லியமாகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வெறும் பறவை என்று எழுதுவதற்கு முன், கூடா முட்டையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கதைக்கு வருகிறேன். தழும்பு போதும், எதையும் சேர்க்காதீர்கள். ஆனால் இப்போது இருக்கும் வடிவில் கதைசொல்லியே முதல் பத்தியில் தழும்பைப் பார்த்து, அக்கா திரும்பிவிட்டாள் என்று அறிவித்துவிடுகிறார். அதை எடுத்துவிடுங்கள். அக்காவுக்கு அந்தக் காயம் எப்படிப் பட்டது என்று தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான் இருக்கவேண்டும், அவர் அதை இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கக்கூடாது. தம்பி என்றே வைத்துக்கொள்ளுங்களேன். சிறுவயதில் அவன் எறிந்த கல் என்றால், மகள் பிறந்ததும் மற்றவர்கள் எல்லோரும் அக்கா ஜாடை, வம்சக் குறி என்று சொல்லி மகிழும்போது, அவன் ஒருவன் மட்டும் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கத் தயங்குவான். மறுபிறவி என்ற சொல் கதையில் எங்குமே வரவேண்டாம். குழந்தை எதையும் நினைவுகூரவும் வேண்டாம். ஐந்தாறு வயதில் அவள் கையில் ஒரு கல்லை எடுத்து, அப்பாவிடம் நீட்டுகிற ஒரு காட்சி மட்டும் இருக்கட்டும். விளையாட்டுக்குத்தான் நீட்டுகிறாளா என்பதை அவனுக்கும் சொல்லாதீர்கள்.